மேட்டுப்பாளையத்தில் மூன்று நாள்: பவானிக் கரைக்கு வருகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து வருகிற நம் உறவுகளில் பெரும்பாலோர் மேட்டுப்பாளையத்தைக் கார்க் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். கோவை விமான நிலையத்தில் இறங்கி, ஊட்டிக்குப் போகிற அவசரத்தில் வழியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு மலை ஏறிவிடுகிறார்கள். கோவைக்கு 35 கிலோமீட்டர் வடக்கே, நீலகிரியின் காலடியில், பவானி ஆற்றின் கரையில் இருக்கிற ஊர் இது. ஆறு, காடு, மலை ரயில் மூன்றும் ஒரே இடத்தில் கைக்கு எட்டுகின்றன. ஊட்டியை ஒரு நாள் குறைத்துக்கொண்டாவது இங்கே மூன்று நாள் தங்குங்கள்.

ஆனால் ஒன்றை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் இந்த ஆற்றின் நாள்காட்டியும் ஒத்துப்போவதில்லை. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் வந்தால் தென்மேற்குப் பருவமழையில் பவானி கரை புரண்டு ஓடும். டிசம்பரில் வந்தால் வடகிழக்குப் பருவமழையின் முடிவுக்காலம். தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் பல நாள் ரத்தாகிவிடும். எல்லாவற்றையும் நிதானமாக அனுபவிக்க ஏற்றது ஜனவரி முதல் மார்ச் வரை. பொங்கலுக்கு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால் ஆற்றைக் கரையிலிருந்து பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் ஆடிப்பெருக்கைக் கொங்கு நாட்டில் பார்ப்பதற்கு அந்தப் பயணமும் தகும்.

ஆற்றைப் பற்றி கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் உயிர் போவது இங்கேதான். பவானி நீலகிரியின் உச்சியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய், முக்காலி அருகே திரும்பி, கிழக்கு நோக்கி மீண்டும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. ஊருக்கு மேலே மலைக்குள் பில்லூர் அணை அதைத் தடுத்து நிறுத்துகிறது. அணையின் மொத்த நீர்மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டால் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள், அப்போது கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். எச்சரிக்கை என்று எதுவும் காதில் விழாத நாளில்தான் ஆபத்து அதிகம். அணையின் மின்நிலையத்தில் மின்சாரம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் ஆற்றுக்குள் வருகிறது. ஊரில் ஒரு துளி மழை இல்லை, வானம் நீலமாக இருக்கிறது, முழங்கால் அளவு தண்ணீரில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாறையே இருக்காது.

என் தம்பி குடும்பம் டொரன்டோவிலிருந்து வந்திருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் ஆற்றின் நடுப்பாறையில் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மாட்டை முதலில் கரையேற்றினார். பிறகு எங்களைப் பார்த்து, “கண்ணு, பிள்ளைகளை மேலே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறம் மாறுகிறது” என்றார். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டேன். அந்த நடுப்பாறை மறைய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளூர்க்காரர்கள் எப்போது கரையேறுகிறார்களோ அப்போது நீங்களும் ஏறிவிடுங்கள். அவர்கள் யாரும் குளிக்காத இடத்தில் இறங்கவே வேண்டாம். நீச்சல் குளத்தில் பரிசு வாங்கிய பிள்ளையாக இருந்தாலும் சரி. பாறை இடுக்கும் சுழலும் வேறு கணக்கு.

பில்லூர் மின்நிலையம் குந்தா நீர்மின் திட்டத்தின் ஒரு பகுதி. அந்தத் திட்டம் 1950களில் கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு வளர்ச்சி உதவி ஏற்பாட்டின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு தொடங்கப்பட்டது. கனடாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், அணையைப் பார்க்கும் பார்வையே மாறும்.

பயமில்லாமல் தண்ணீரில் நேரம் கழிக்க வேண்டுமென்றால் பரளிக்காடு. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, அத்திக்கடவு வழியாக மலைக்குள் போக வேண்டும். பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வனத்துறை பரிசல் பயணம் நடத்துகிறது. துடுப்புப் போடுகிறவர்கள் அந்தக் காட்டிலேயே வாழும் பழங்குடி மக்கள். உயிர்காப்பு உடை கொடுத்துத்தான் ஏற்றுவார்கள். மதியச் சாப்பாட்டையும் அந்த ஊர்ப் பெண்களே சமைத்துப் பரிமாறுகிறார்கள். ராகிக் களியை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கீரைக் குழம்போடு ஒரு உருண்டை சாப்பிட்ட பிள்ளைகள் இரண்டாவது கேட்டதைப் பார்த்திருக்கிறேன். பொதுமக்களுக்கு வார இறுதியில்தான் அனுமதி, முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பி வர வேண்டியதுதான். பேருந்தை நம்பாமல் வாடகைக் கார் வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் கூடாது. அந்தத் தேக்கத்தின் நடுவில் பரிசல் அசையாமல் நிற்கும்போது, சுற்றிலும் காடு மட்டும் தெரிகிற அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் மறுபடி மறுபடி போகிறேன்.

இனி மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கியது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் தொடங்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயர்கிற ஏற்றம் அது. நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்காரர்களுக்கு எதிரே மலை மட்டும்தான். காலை 7.10 மணிக்குக் கிளம்பினால் ஊட்டி சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வழியில் நிற்கிற நிலையங்களில் இறங்கிக் கால் நீட்டலாம். குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், உணவைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

டிக்கெட்தான் பெரிய சிக்கல். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, இருக்கைகளோ மிகக் குறைவு. கடைசி நேரத்தில் தட்கலில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் இருக்காது. பயணத் தேதி உறுதியானதும் இந்த டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும், தங்குமிடமெல்லாம் பிறகு. இன்னொன்று: விமானத்தில் கொண்டுவந்த 23 கிலோ பெட்டிகள் இந்தக் குட்டி ரயில் பெட்டிகளில் நுழையாது. அவற்றை அறையிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு ஏறுங்கள். திரும்பும்போது கோத்தகிரி வழியாகப் பேருந்தில் இறங்கினால், அந்தி நேரத்தில் கீழே கொங்குச் சமவெளி முழுவதும் விளக்கு விளக்காய்த் தெரியும்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ மலை ஏறினால் நீலகிரி மாவட்டத்துக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு தேவை. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த நடைமுறை இது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பதிவு செய்யலாம். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்குத் தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர் போகிற சாலையில் பர்லியாறு பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் குவித்து வைத்திருப்பார்கள். மழைக்காலத்தில் வந்ததற்கு அது ஒரு நல்ல ஈடு.

மாலை ஆனதும் காட்டோரச் சாலைகளில் நடமாட வேண்டாம். கல்லாறு யானைகள் காலம் காலமாகக் கடக்கும் வழித்தடம். ஊர் மக்கள் பாகுபலி என்று பெயர் வைத்த ஆண் யானை ஒன்று இந்தப் பகுதியில் வயல், சாலை என்று உலவியிருக்கிறது. அதைப் படம் எடுக்க இறங்குவதைப்போல் முட்டாள்தனம் வேறு இல்லை. யானை தெரிந்தால் ஹார்ன் அடிக்காமல், விளக்கைத் தணித்து, தூரத்திலேயே நின்றுகொள்ளுங்கள். அது போய்விடும்.

மூன்றாவது நாளைக் கோவிலுக்கும் சிறுமுகைக்கும் வையுங்கள். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோவில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆடியில் குண்டம் இறங்கும் (தீ மிதிக்கும்) திருவிழா, மற்ற நாட்களில் கிடா வெட்டிக் கரையோரம் அடுப்பு மூட்டுகிற குடும்பங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் “சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்” என்பார்கள். மறுக்காதீர்கள். சிறுமுகையில் தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் மென்பட்டுச் சேலையை நெய்கிறவரிடமே வாங்கலாம். 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறியது இந்தப் பக்கத்திலிருந்துதான். மலைக்கு முதலில் போடப்பட்ட பாதையும் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குத்தான். குன்னூர் மலைப்பாதை அதற்குப் பிறகு வந்தது. சிறுமுகையிலிருந்து லிங்காபுரம் பக்கம் போனால் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பு. அணை நிரம்பியபோதெல்லாம் அங்குள்ள காந்தவயல் பழைய பாலம் மூழ்கி, மக்கள் பரிசலில் அக்கரை போனதுண்டு.

சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும், வெளிநாட்டு அட்டை இங்கே சின்னக் கடைகளில் செல்லாது. பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டையையும் விடுதியில் கேட்பார்கள். சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல் இங்கிருந்தே கிளம்புகிறது. அதற்கு முன் ஏதாவது ஒரு மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நெய் விட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிலையத்துக்கு நடந்தே போகலாம்.