எடின்பரோ ஃப்ரிஞ்சில் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை: முதன்முறை மேடையேறப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஆகஸ்டு மாதம் மூன்று வாரத்துக்கும் மேல் நடக்கிற ஃப்ரிஞ்ச் கலை விழாவில் தேர்வுக் குழு கிடையாது. 1947-ல் அழைப்பே இல்லாமல் வந்து இறங்கிய எட்டு நாடகக் குழுக்கள் தொடங்கிவைத்த வழக்கம் அது. இன்றும் பதிவுக் கட்டணம் கட்டி, ஓர் அறையும் பிடித்துவிட்டால் யாரும் மேடையேறலாம். அதனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் ஒரே ஊரில் குவிகின்றன. அந்தக் கூட்டத்துக்கு நடுவே உங்களுக்கு வாய்க்கிற அறையும் நேரமும்தான் பாதி வேலையைச் செய்யும். ஸ்கிரிப்ட் அதற்குப் பிறகுதான்.

விசாவிலிருந்து தொடங்குவோம். பிரிட்டன் குடிவரவு விதிகளில் ‘பெர்மிட் ஃப்ரீ’ விழாக்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஃப்ரிஞ்ச் அதில் இருப்பதால், இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் விசிட்டர் விசாவிலேயே மேடையேறலாம், சம்பளமும் வாங்கலாம். விழா அமைப்பின் அழைப்புக் கடிதத்தை விசா விண்ணப்பத்தோடு வையுங்கள். தங்குமிடத்தைக் குளிர்காலத்திலேயே பிடித்துவிடுங்கள். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதுதான்.

அறைகள் இரண்டு வகை. டிக்கெட் விற்கும் அரங்கில் வசூலைப் பங்கு பிரிப்பார்கள்; கலைஞருக்கு 60, அரங்குக்கு 40 என்பது வழக்கமான கணக்கு. ஆனால் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் நின்று படியுங்கள். டிக்கெட் விற்காவிட்டால் அந்தப் பணம் உங்கள் பையிலிருந்து போகும். மற்றது 1996-ல் பீட்டர் பக்லி ஹில் தொடங்கிவைத்த இலவச முறை: அறைக்கு வாடகை இல்லை, டிக்கெட் இல்லை, முடிவில் பார்வையாளர்கள் வாளியில் போடுவதுதான் வருமானம். முதன்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்லது. பெரும்பாலும் ஒரு பப்பின் பின்னறையோ நிலவறையோ கிடைக்கும். ஒப்புக்கொள்ளும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை நாற்காலி? (40 போதும்; 100 நாற்காலியில் 12 பேர் உட்கார்ந்தால் சிரிப்பு எழும்பாது.) அறைக்குக் கதவு உண்டா? பார் கவுண்டர் உள்ளேயே இருக்கிறதா? அதே நேரத்தில் பக்கத்து அறையில் இசை நிகழ்ச்சி உண்டா?

நேரத்தைப் பொறுத்தவரை பிற்பகல் 2 முதல் 5 வரை கேளுங்கள். அப்போது வருகிறவர்கள் நிதானமாகக் கேட்பார்கள். இரவு பத்துக்கு மேல் குடித்துவிட்டு வருகிற கூட்டம் அதிகம். கதை சொல்லும் பாணிக்கு அது ஒத்துவராது.

ஒரு மணி நேர ஸ்லாட் என்றால் 50 நிமிடம் பேசத் தயார்செய்யுங்கள். ஆட்கள் வந்து உட்கார ஐந்து நிமிடம், வெளியேற ஐந்து நிமிடம் போய்விடும். நீட்டினால் அடுத்த கலைஞரின் நேரத்தைத் தின்கிறீர்கள்; அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடவேண்டிய பார்வையாளர்கள் வாளியைக் கடந்து போய்விடுவார்கள். 50 நிமிடத்துக்குச் சரக்கு இல்லையென்றால் இன்னொருவரோடு சேர்ந்து ஆளுக்கு 25 நிமிடம் செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் பேசும்போது மொழியிலும் கவனம் வேண்டும். ‘சித்தப்பா’ வருகிற ஜோக் என்றால், அவர் அப்பாவின் தம்பி என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். சிரிப்பு வரவேண்டிய வரியில் விளக்கம் நுழைந்தால் ஜோக் அங்கேயே சாகும். லட்சத்தை ‘நூறாயிரம்’ என்று சொல்லுங்கள், ரூபாயைப் பவுண்டில் சொல்லுங்கள். வழக்கமான வேகத்தில் கொஞ்சம் குறையுங்கள். ஊர் விஷயங்களைத் தூக்கி எறியத் தேவையில்லை. 2023-ல் விழாவின் சிறந்த புதுமுக நகைச்சுவைக் கலைஞர் விருதை வென்றவர் மும்பையின் உரூஜ் அஷ்ஃபக்.

நோட்டீஸ் கொடுப்பது தினசரி வேலை. ராயல் மைல் வீதியில் நூற்றுக்கணக்கானோர் நீட்டுவார்கள், வாங்குகிறவர் மடித்துப் பையில் போட்டுவிடுவார். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே, உங்கள் அறைக்குப் பக்கத்துத் தெருவில் நில்லுங்கள். “இன்னும் இருபது நிமிடத்தில், இந்தக் கதவுக்குள், இலவசம்” என்று சொன்னால் ஆள் திரும்புவார். முகவரியில் தரைமட்டத்தையும் சொல்லுங்கள். கௌகேட் தெரு, ஜார்ஜ் IV பாலத்துக்கும் சவுத் பாலத்துக்கும் அடியில் ஓடுகிறது. வரைபடத்தில் தெருக்கள் வெட்டிக்கொள்வதுபோலத் தெரியும். போய்ப் பார்த்தால் நீங்கள் பாலத்தின் மேலே, அரங்கின் கதவு பல அடி கீழே. இதில் தவறி, தாமதமாக வருகிறவர்கள் நிறைய.

சனிக்கிழமை நிரம்பிய அறையில் செவ்வாய்க்கிழமை ஏழு பேர் இருப்பார்கள். அன்று செய்யவேண்டியது இது: பின்வரிசை நாற்காலிகளை முன்கூட்டியே அடுக்கி ஓரம் கட்டுங்கள், வருகிறவர்களை முதல் இரண்டு வரிசையில் நெருக்கமாக உட்கார வையுங்கள். தள்ளித் தள்ளி உட்கார்ந்த ஏழு பேர் தன் சிரிப்பு தனக்கே கேட்குமே என்று அடக்கிக்கொள்வார்கள். தோள் உரச உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பு அடுத்தவருக்குத் தொற்றும். குரலைத் தாழ்த்தி, மைக்கை வைத்துவிட்டும் பேசலாம். கூட்டம் குறைவு என்று மட்டும் மேடையில் சொல்லாதீர்கள். வராதவர்கள் மேலுள்ள வருத்தத்தை வந்தவர்கள் சுமக்கக் கூடாது.

வாளிப் பேச்சை முடிவில் வைக்காதீர்கள். கடைசி ஜோக்குக்கு முன்பு, அரை நிமிடம்: இது இலவச நிகழ்ச்சி, பிடித்திருந்தால் கொடுங்கள், கார்டும் தேய்க்கலாம். பிறகு உங்களிடமுள்ள மிகச் சிறந்த ஜோக்கைச் சொல்லி முடித்து, கைதட்டல் ஓயும் முன் கதவுக்குப் போய்விடுங்கள். சில்லறை மட்டும் போட்டால் ஓசை கேட்கும்; வாளிக்குள் ஒரு பத்து பவுண்டு நோட்டை முதலிலேயே வைத்தால் அடுத்தவர் கையும் நோட்டைத் தேடும். ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சிடும் நோட்டுகளை நம் ஊரில் மாற்றுவது கடினம் என்பதால், ஊர் திரும்பும் முன் அங்கேயே செலவழித்துவிடுங்கள் அல்லது வங்கியில் மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எத்தனை பேர், மழையா, எந்த ஜோக் சிரிப்பில்லாமல் விழுந்தது. ஒரு நாள் விழுந்ததை மாற்றாதீர்கள், தொடர்ந்து மூன்று நாள் விழுந்தால் மாற்றுங்கள். நல்ல விமர்சனம் வந்தால் நட்சத்திரங்களைச் சிறு சீட்டில் அச்சடித்து அன்றே நோட்டீஸில் பின் அடியுங்கள். மோசமானது வந்தால் அன்றைய நிகழ்ச்சி முடியும்வரை படிக்காதீர்கள்.

இரண்டாம் வாரம்தான் ஆளைச் சாய்க்கும். தெருவில் கத்தியே தொண்டை கட்டும், பாட்டு நிகழ்ச்சிகள் ஓடும் பப்களில் பேசினால் இன்னும் மோசம். அட்டவணை போடும்போதே நடுவில் ஒரு திங்கள் அல்லது செவ்வாயை விடுமுறையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். அன்று நோட்டீஸ் வேண்டாம், மற்றவர் நிகழ்ச்சியும் வேண்டாம். வாயைத் திறக்காமல் தூங்குங்கள்.