மோல் கணக்கும் உர மூட்டையும்

இரும்புக் கடையில் ஆணியை எண்ணிக் கொடுப்பதில்லை, நிறுத்துக் கொடுப்பார்கள். ஓர் ஆணியின் எடை தெரிந்தால் மூட்டையில் எத்தனை என்று தராசே சொல்லிவிடும். வேதியியலில் வரும் மோலும் அப்படித்தான். அது எடை அல்ல, எண்ணிக்கை. ஒரு மோல் என்றால் 6.02 × 10²³ துகள்கள். மலேசியாவில் படிவம் 4 மாணவர்கள் இந்த எண்ணோடுதான் மல்லுக்கட்டுவார்கள்; பாதிக் கணக்குகளில் அது வருவதே இல்லை. அதிகம் கைகொடுப்பது மோலார் நிறை, அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்பது.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் உரக்கடைக்குப் பஞ்சமில்லை. யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46% என்றும் அம்மோனியம் சல்பேட்டில் 21% என்றும் அச்சிட்டிருக்கும். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

யூரியா மூலக்கூறில் ஒரு கார்பன் (அணு நிறை 12), ஓர் ஆக்ஸிஜன் (16), இரண்டு நைட்ரஜன் (28), நான்கு ஹைட்ரஜன் (4). கூட்டினால் 60, ஆக, ஒரு மோல் 60 கிராம். அம்மோனியம் சல்பேட்டுக்கு இதே கூட்டல் 132 தரும். அதிலும் நைட்ரஜன் இரண்டுதான். மோலுக்கு மோல் நைட்ரஜன் சமம். கூட வரும் சுமைதான் வேறு.

இனி 50 கிலோ மூட்டை. முதலில் கிராமாக்குங்கள்: 50,000. (இதை மறந்துவிட்டு விடை ஆயிரம் மடங்கு குறைந்து நிற்பவர்கள் ஏராளம்.) 60 ஆல் வகுத்தால் 833 மோல் யூரியா. நைட்ரஜன் அணு அதன் இரு மடங்கு, சுமார் 1,667 மோல். நைட்ரஜன் அணுவின் மோலார் நிறையான 14 ஆல் பெருக்கினால் 23.3 கிலோ. அம்மோனியம் சல்பேட்டில் இதே வழியில் 10.6 கிலோதான். எடையிலிருந்து மோலுக்கு வகுத்தல், மோலிலிருந்து எடைக்குப் பெருக்கல். குழப்பம் வந்தால் அலகைப் பாருங்கள்.

‘ஒரு மோல் ஆக்ஸிஜன்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அணு என்றால் 16 கிராம், வாயு மூலக்கூறு என்றால் 32.

ரப்பர் பாலிலும் இதே கணக்குதான். பால் கெடாமலிருக்க அம்மோனியா சேர்த்திருந்தால், உறைய வைக்க ஊற்றும் பார்மிக் அமிலம் முதலில் அதைத்தான் சமன்செய்யும், ஒரு மோலுக்கு ஒரு மோல். 1.7 கிராம் அம்மோனியா 0.1 மோல், அமிலத்தின் மோலார் நிறை 46, ஆகவே 4.6 கிராம் தேவை. எடைக்கு எடை 1.7 கிராம் ஊற்றினால் அம்மோனியாவில் பாதிகூடத் தீராது, பாலும் உறையாது. உறைவதற்கான அமிலம் இதற்கு மேல்தான். போத்தலில் 85% என்றிருந்தால் 4.6ஐ 0.85 ஆல் வகுத்து 5.4 கிராம் எடுங்கள். அமிலத்தை நீரில் ஊற்றிக் கரையுங்கள், நீரை அமிலத்தில் அல்ல. கையுறையும் வேண்டும்.