பெர்சியன் பூனையைத் தத்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: மூக்கு, சிறுநீரகம், முடி

பெர்சியன் பூனை வளர்க்க விரும்புபவர்களில் பெரும்பாலோர் நிறத்தையும் கண்ணையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பூனை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் நலமாக வாழுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு. எங்கள் வீட்டுக்கு ஒரு பெர்சியனைக் கொண்டுவருவதற்கு முன் நான் எவற்றை எந்த வரிசையில் பார்த்தேனோ, அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உணவு, தடுப்பூசி, மணல் தட்டு ஆகியவை எல்லாப் பூனைகளுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

படி 1: முகத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்

விற்பவர்கள் ‘டால் ஃபேஸ்’, ‘செமி பஞ்ச்’, ‘பஞ்ச்’, ‘எக்ஸ்ட்ரீம் பஞ்ச்’ என்று வகை பிரித்து, மூக்கு உள்ளடங்க உள்ளடங்க விலையை ஏற்றுவார்கள். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சிக்கு வந்த பெர்சியன்களுக்கு இப்படித் தட்டையான முகம் இல்லை. இது பிற்காலத்தில் மனிதர்கள் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததால் வந்தது. பூனையின் முகத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது மூக்கு நுனியின் மேல் விளிம்பு கீழ் இமையைவிட உயரத்தில் இருந்தால், அந்தப் பூனையை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கண்ணீர் வடியும் குழாய் மடங்கிப்போவதால் கண்ணோரம் எப்போதும் ஈரமாக இருக்கும், பற்கள் வரிசை தவறும், மூச்சுப் பாதை குறுகும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் இத்தகைய பூனைகள் மிகவும் தவித்துப்போகின்றன. அது உறங்கும்போது அருகில் அமர்ந்து கேளுங்கள். குறட்டை ஒலி தொடர்ந்து வந்தாலோ, சிறிது விளையாடியதும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அதைச் செல்லமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 2: சிறுநீரகத்துக்கான சான்றைக் கேளுங்கள்

பலர் தடுமாறும் இடம் இதுதான். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் தடுப்பூசி அட்டையையோ வம்சாவளித் தாளையோ நீட்டுவார்கள். முன்னது ஊசி போட்டதை மட்டுமே சொல்லும். பின்னது பெற்றோர் யார் என்பதை மட்டுமே சொல்லும். நாம் கேட்க வேண்டியது பி.கே.டி. எனப்படும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான பரிசோதனை முடிவை. பெர்சியன்களிடம் பரவலாகக் காணப்படும் பரம்பரை நோய் இது. பிறக்கும்போதே நுண்ணிய கட்டிகளாகத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருத்து, பெரும்பாலும் நடுத்தர வயதில் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது.

இதற்குக் காரணமான பிகேடி1 மரபணுப் பிறழ்வு 2004-இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பழுதான பிரதி வந்தாலே நோய் வந்துவிடும். ஆகவே ஒரு தாய்க்கோ தந்தைக்கோ நோய் இருந்தால், குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது போய்ச் சேரும். இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்கும் கரு பிழைப்பதில்லை. பெற்றோர் இருவரும் ‘நெகட்டிவ்’ என்றால் குட்டியைப் பற்றிக் கவலை இல்லை. ஒருவருடைய முடிவு மட்டும் இருந்தால் போதாது. அப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் வருடி எடுத்து, குட்டிக்கே மரபணுப் பரிசோதனை செய்வதுதான் வழி.

சோதனைக்கு வழியில்லை என்று விற்பவர் சொன்னால், குட்டியை விட்டுவிட்டு, ஒரு வயது தாண்டிய பூனையைத் தத்தெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். பத்து மாதங்களுக்கு மேற்பட்ட பூனைக்கு வயிற்று ஸ்கேன் எடுத்தால் கட்டிகள் பெரும்பாலும் தெரிந்துவிடும். வீடு மாறுவதாலும் பராமரிக்க முடியாததாலும் வளர்ந்த பெர்சியன்களைக் கொடுத்துவிடுபவர்கள் நம் நகரங்களில் நிறையவே இருக்கிறார்கள்.

படி 3: சீப்பை எடுத்துச் செல்லுங்கள்

ஒரு பக்கம் அகலப் பற்களும் மறுபக்கம் நெருக்கப் பற்களும் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சீப்பு ஒன்றே போதும். வளைந்த கம்பிகள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் மேல்முடியை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு, அடியில் உள்ள சிக்கை அப்படியே விட்டுவிடுவதால் அதை நான் விரும்புவதில்லை. காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் அக்குளிலும், வயிற்றிலும் தோல்வரை மெல்லச் சீவிப் பாருங்கள். சீப்பு இறங்காமல் நின்றால் அங்கே முடி கம்பளம்போல் இறுகிவிட்டது என்று பொருள். அதைக் கத்தரிக்கோலால் வெட்ட முயலக் கூடாது. சிக்கோடு தோலும் மேலே எழும்பி வந்திருக்கும். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும். நாள்தோறும் பத்து நிமிடமாவது சீவ இயலாதவர்கள் இந்த இனத்தை எடுக்காமலிருப்பது பூனைக்குச் செய்யும் நன்மை.

‘டிரிபிள் கோட்’ (மூன்றடுக்கு முடி) என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் நம்ப வேண்டாம். பெர்சியனுக்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்குகளே உண்டு.

சீவும்போதே தோலில் வட்டமாக முடி உதிர்ந்த செதில் திட்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீளமுடிப் பூனைகளுக்குப் படர்தாமரை எளிதில் வரும்; வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் தொற்றும்.

பிற்சேர்க்கை

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினினின் அளவு சரியாக இருந்தால் ஸ்கேன் தேவையில்லையே என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். தேவை. சிறுநீரகச் செயல்பாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே கிரியாட்டினின் அளவு உயரத் தொடங்குகிறது. இளம் பூனையிடம் கட்டிகள் இருந்தும் ரத்த முடிவு குறையின்றி இருக்கும். ஸ்கேனுக்காக வயிற்று முடியை மழிக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டாம்; சில மாதங்களில் அது மீண்டும் வளர்ந்துவிடும்.