கூடைக் கயிறு தோளில் போகாது

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இன்று அருங்காட்சியகம். கம்பளைப் பக்கம் ஒரு பழைய லயமே, அதாவது தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடே, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. இப்படியான இடங்களில் போனை நீட்டினால், நின்றுபோன ரோலருக்குள், அதாவது தேயிலை உருட்டும் இயந்திரத்துக்குள், கொழுந்து சுருளுவதைத் திரையில் பார்க்க வைக்கலாம். நிஜ இடத்தின் மேல் உருவங்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் இதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி, சுருக்கமாக ஏ.ஆர். செய்து பார்க்கிறவர்கள் சறுக்குகிற இடங்கள் சில உண்டு.

இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கும் முப்பரிமாண உருவத்தை அப்படியே இறக்கிவிடுவதுதான் பெரிய தவறு. நானும் செய்தேன். கொழுந்தெடுக்கும் பெண்ணின் உருவம் ஒன்றை, தேயிலை மலையிலேயே காலம் கழித்த என் பெரியம்மாவிடம் காட்டினேன். "யாருடா இது, ஸ்கூல் பேக் மாதிரி கூடைய மாட்டிக்கிட்டு நிக்குது?" என்றார். கூடைக் கயிறு தோளில் போகாது. தலையில், மடித்த துணிக்கு மேலே கிடக்கும். அந்த உருவத்துக்கு இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியான படங்கும் இல்லை. அன்றைக்கே அழித்தேன். இப்போது எதைச் செய்தாலும் முதலில் பெரியம்மாதான் பார்ப்பார்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஏ.ஆர். செய்யப் பயன்படும் சில மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொழுந்து' உடைந்துவிடும். கணினியில் சரியாகத் தெரிந்தது என்று விட்டுவிடாமல், போனிலும் வாசித்துப் பாருங்கள். சரிவராவிட்டால் எழுத்தைப் படமாக்கி ஒட்டுங்கள். சிங்களத்துக்கும் இதே தலைவலிதான்.

கண்ணாடிப் பெட்டியும் மங்கலான வெளிச்சமும் கேமராவுக்கு ஆகாது. பளபளப்பில் அது இடத்தைத் தவறவிடும், உருவம் மிதந்து அலையும். கேமரா இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளப் படத்தைப் பளபளக்காத தாளில், ஒரே கோலம் திரும்பத் திரும்ப வராதபடி அச்சடித்து, பெட்டிக்கு வெளியே ஒட்டுங்கள். மலைக்குள் சிக்னலையும் நம்ப வேண்டாம். வாசலிலேயே வைஃபையில் எல்லாம் இறங்கிவிட வேண்டும். பழைய போன்கள் பலவற்றில் ஏ.ஆர். ஓடாது, அப்படி வருகிறவர்களுக்கு இரண்டு போன்களையாவது இரவல் கொடுக்க வைத்திருங்கள்.

அப்புறம், படம் நீளக்கூடாது. நீண்டால் பிள்ளைகள் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு நிஜப் பொருளைக் கடந்து போய்விடுவார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி என்றால், கை வீசும் விதத்தை இருபது செக்கன் காட்டினால் போதும். பிறகு திரை அணையட்டும். ஒரே ஒரு வரி மட்டும் நிற்கட்டும்: "பிடியைப் பாருங்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது?"