பேடில் ஷிஃப்டர்: ஸ்டீயரிங் திரும்பிய பிறகு தெரியவரும் தவறுகள்

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருபக்கமும் இருக்கும், விரலால் இழுத்துக் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்தான் பேடில். வலது பேடிலை இழுத்தால் கியர் ஏறும், இடதை இழுத்தால் இறங்கும். நேர்ச்சாலையில் ஓட்ட இவ்வளவு தெரிந்தால் போதும். ஸ்டீயரிங் பாதிச் சுற்று திரும்பியிருக்கும்போது பேடில் எங்கே இருக்கிறது, கை எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

பேடில்களைப் பொருத்த முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஃபெராரி, லம்போர்கினி, ஆல்ஃபா ரோமியோ கியூலியா போன்ற கார்களில் பேடில் ஸ்டீயரிங் தண்டோடு நிலையாக நிற்கும். ஸ்டீயரிங் சக்கரம் சுழன்றாலும் அது அசையாது. போர்ஷே, பிஎம்டபிள்யூ எம் கார்களில் சக்கரத்தின் பின்புறத்திலேயே இருப்பதால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும்.

"பந்தயக் காரிலிருந்து வந்த தொழில்நுட்பம், அதனால் ஃபெராரி வைத்திருக்கும் இடம்தான் சரியான இடம்" என்று நினைப்பது முதல் தவறு. ஜான் பார்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640, 1989 பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மேன்செல் ஓட்ட, முதல் பந்தயத்திலேயே வென்றது. ஃபார்முலா ஒன்னுக்கு பேடிலைக் கொண்டுவந்த கார் அதுதான். ஆனால் அதில் பேடில்கள் தண்டில் இல்லை, சக்கரத்தோடு சுழலும்படி அதன் பின்புறத்திலேயே இருந்தன. ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் கை சக்கரத்தை விட்டு நகர்வதே இல்லை என்பதால் அந்த இடம் அங்கே பொருந்துகிறது. அதே நிறுவனம் சாலைக்கான கார்களில் பேடிலைத் தண்டில் நிறுத்துகிறது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35 தண்டில் பேடிலோடு வந்து, 2017 மாடலில் சக்கரத்துக்கு மாறியது. தயாரிப்பாளர்களே மனம் மாற்றிக்கொள்ளும் விஷயத்தில் ஒரே சரியான விடை இருக்க வாய்ப்பில்லை.

இதைவிடப் பெரிய தவறு, தன் கைப்பழக்கத்தைப் பார்க்காமல் காரைத் தேர்ந்தெடுப்பது. கடிகாரத்தின் ஒன்பது, மூன்று மணி இடங்களில் பிடித்த பிடியை விடாமல் திருப்புகிறவர் ஒருவகை. கையை மாற்றி மாற்றிப் பிடித்துத் திருப்புகிறவர் இன்னொருவகை. கொண்டை ஊசி (ஹேர்பின்) வளைவில் இரண்டாமவரைச் சக்கரத்தோடு சுழலும் பேடிலோடு கற்பனை செய்து பாருங்கள். சக்கரம் பாதிச் சுற்று திரும்பிவிட்டது. கியர் ஏற்ற வேண்டிய வலது பேடில் இப்போது இடப்பக்கம் வந்துவிட்டது. கியரைக் குறைக்க நினைத்து இடக்கையால் இழுக்கிறார், கியர் ஏறிவிடுகிறது. வளைவை விட்டு வெளியேறும் நேரத்தில் இழுவிசை சட்டென்று தளர்கிறது.

பிடியை விடாதவருக்கு இதே வளைவில் தண்டுப் பேடில் தொல்லை தரும். சக்கரம் வலப்புறம் நன்றாகத் திரும்பியிருக்கும்போது இடக்கை மேலே போய்விடும், வலக்கை கீழே இறங்கிவிடும். பேடில்களோ பழைய இடத்திலேயே நிற்கின்றன. விரலை நீட்டினால் ஒன்றும் தட்டுப்படாது. பேடிலைத் தேடிப் பிடியைத் தளர்த்துவது வளைவின் நடுவில் செய்யவே கூடாத காரியம். கியூலியாவில் இருப்பது போன்ற நீளமான அலுமினியப் பேடில்கள் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கின்றன. குட்டையான தண்டுப் பேடில்தான் மிக மோசமான கலவை என்பது என் கருத்து. மெக்லாரன் வேறு வழியில் போனது. அதன் பேடில் இருபக்கமும் இணைந்த ஒரே துண்டு. வலப்பக்கத்தை இழுத்தாலும் இடப்பக்கத்தைத் தள்ளினாலும் கியர் ஏறும். ஒரு கை போதும்.

எந்த அமைப்பாக இருந்தாலும், கியரைக் குறைக்கும் வேலையை வளைவுக்குள் தள்ளிவைப்பது தவறு. பிரேக் பிடிக்கும்போது, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே குறைத்து முடித்துவிடுங்கள். நடுவளைவில் குறைத்தால் எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே காரை மெதுவாக்கும் விசை, எஞ்சின் ஓட்டும் சக்கரங்களைத் திடீரென்று இழுத்துப் பிடிக்கும். பின்சக்கர இழுவைக் காரில் வால் வழுக்கலாம். இந்தப் பழக்கம் கைவந்தால் வளைவுக்குள் பேடில் தேவைப்படுவது, வெளியேறும்போது கியர் ஏற்றுவதற்கு மட்டும்தான்.

குறைக்கும்போது கியர்பாக்ஸ் மறுத்தால் மறுபடி மறுபடி இழுப்பவர்களும் உண்டு. அந்த வேகத்தில் கீழ் கியருக்குப் போனால் எஞ்சின் சுழற்சி எல்லை மீறும் என்பதால்தான் அது மறுக்கிறது. வேகம் குறைந்ததும் அடுத்த இழுப்பை ஏற்றுக்கொள்ளும். பதற்றத்தில் கூடுதலாக ஒருமுறை இழுத்திருந்தால் தேவையானதைவிட ஒரு கியர் கீழே போய் நிற்பீர்கள். ஒருமுறை இழுங்கள், மறுத்தால் இன்னும் கொஞ்சம் பிரேக் பிடித்துவிட்டு இழுங்கள்.

எல்லாக் காரிலும் வலது ஏற்றும், இடது இறக்கும் என்று நம்பிப் பழைய கார் வாங்குவதும் ஆபத்து. 2008-இல் பிடிகே என்ற இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸோடு வந்த போர்ஷே 911-இல், ஸ்டீயரிங்கின் இருபக்கமும் இருந்த பொத்தான் ஒரே மாதிரி வேலை செய்தது: முன்னிருந்து கட்டைவிரலால் அழுத்தினால் ஏறும், பின்னிருந்து இழுத்தால் இறங்கும். வேறு காரிலிருந்து வருகிறவரின் விரல் தானாகவே தவறு செய்யும்.

பேடில் சிறியது என்று ஒட்டும் நீட்டிப்பு வாங்குகிறவர்கள் முதலில் இண்டிகேட்டர், வைப்பர் தண்டுகளைப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது இடைவெளி இருக்கும். சக்கரம் சுழலும்போது நீட்டிப்பு போய் இடித்தால் பார்க்காமலே விளக்குகளைப் போட்டுவிடுவீர்கள். ஒட்டு வெயில் சூட்டில் இளகி, வளைவில் கழன்று கையோடு வருவது இன்னும் மோசம்.

ஷோரூமில் நின்ற காரில் பேடிலைச் சொடுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். முதலில் இருக்கையையும் ஸ்டீயரிங்கையும் உங்களுக்கேற்பச் சரிசெய்யுங்கள். தூரம் மாறினால் விரல் எட்டும் இடமும் மாறும். கையுறை போடும் வழக்கம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கியரை 'பார்க்' (P) நிலையில் வைத்தபடியே சக்கரத்தைக் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் கண்ணை மூடிக்கொண்டு வலது பேடிலைத் தொட்டுப் பாருங்கள்.