முதலில் பதில், பிறகு பாடம்: அடுக்குமாடிகளில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க

பினாங்கில் குடியிருப்பாளர் சங்கமோ தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ "பெண்கள் பாதுகாப்பு" என்று எடுத்ததும் முதலில் தேடுவது பேச்சாளரையும் மண்டபத்தையும்தான். வரிசை தலைகீழ். கூட்டம் கலையும்போது ஒரு பெண் ஓரமாக வந்து, "எங்க வீட்டுலயும் இப்படித்தான்" என்பார். அந்த நேரம் உங்களிடம் பதில் இல்லையென்றால் அவர் இன்னொரு முறை வாய் திறக்கமாட்டார். அதனால் உதவிக்கான வழியை முதலில் போடுங்கள்.

மூன்று பெண்கள் போதும். ஒருவரிடம் கார் இருக்கட்டும், ஒருவருக்கு மலாய் நன்றாக வரட்டும். தலைவர் வீட்டம்மா வேண்டாம். புகார் அந்த வீட்டைப் பற்றியே இருக்கலாம். இவர்கள் விசாரிக்கக் கூடாது, பஞ்சாயத்தும் பேசக் கூடாது. கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசுவதுதான் நம்மிடையே நடக்கும் பெரிய தவறு. அவள் வெளியே சொல்லிவிட்டாள் என்பது அன்றே அவனுக்குத் தெரிந்துவிடும். அடி அன்றிரவு விழும்.

மூவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை: உடனடி ஆபத்துக்கு 999, 24 மணி நேரமும் இயங்கும் அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999. காயம் இருந்தால் பினாங்குப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் சிகிச்சை, போலீஸ், ஆலோசனை உதவியை ஒரே இடத்தில் தரும் ஒரே இட நெருக்கடி மையத்தை (OSCC) கேளுங்கள். பாலியல் வன்முறையென்றால் குளிக்கவோ துணியைத் துவைக்கவோ விடாதீர்கள். துணியைக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும்.

வன்முறை செய்பவரைச் சட்டப்படி தடுத்து நிறுத்தும் பாதுகாப்பு ஆணை மூன்று வகை. இதில்தான் குழப்பம் அதிகம். அவசரப் பாதுகாப்பு ஆணையைச் சமூகநல இலாகா அதிகாரியே தரலாம். போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை, நீதிமன்றமும் போக வேண்டாம். விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் தர வேண்டும், 7 நாள் செல்லும். ஆனால் அது உடல் காயத்துக்கும் அந்த அச்சத்துக்கும் மட்டுமே. இடைக்கால ஆணை, போலீஸ் விசாரணை நடக்கும் காலத்துக்கு. வழக்குப் போட்டபின் வருவது பாதுகாப்பு ஆணை. 12 மாதம் வரை.

இடைக்கால ஆணைக்குப் போலீஸ் நிலையத்தில் (பாலாய்) ரிப்போர்ட் செய்ய வேண்டும். "கணவர் தொந்தரவு செய்கிறார்" என்று எழுதினால் அது குடும்பச் சண்டையாகப் போய்விடும். தேதி, நேரம், எதைக் கொண்டு அடித்தார், எங்கே காயம், பிள்ளைகள் பார்த்தார்களா, முன்பு எத்தனை முறை என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் வாசித்துப் பாருங்கள். சமூகநல இலாகாவுக்கான பரிந்துரைக் கடிதத்தையும் ரிப்போர்ட் நகலையும் கேட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

நம்மவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிவதில்லை. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட மனைவிக்கும் 1994 குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தும். 2017 திருத்தத்துக்குப் பிறகு, மனைவியின் நகையை நேர்மையின்றி எடுத்து அடகு வைத்து அவளை நஷ்டத்தில் தவிக்கவிடுவதும் அச்சட்டத்துக்குள் வரும்.

இந்த உதவி வழி நிலைத்தபின் பள்ளிக்குப் போங்கள். 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 40 நிமிடப் பாதுகாப்புப் பாடம் போதும். 1985 முதல் பினாங்கில் இயங்கும் டபிள்யூ.சி.சி. (Women's Centre for Change) பெண்கள் அமைப்பை அழைக்கலாம். ஆண் பிள்ளைகளை வெளியே அனுப்பாதீர்கள்; பாடத்தில் பாதி அவர்களுக்கானது. யாரையும் அனுபவத்தைச் சொல்லச் சொல்லாதீர்கள். பெட்டியில் பெயரில்லாத கேள்விச் சீட்டு போடட்டும். ஒவ்வொரு பிள்ளையும் நம்பிக்கைக்குரிய மூன்று பெரியவர்களின் பெயரை எழுதி வீட்டுக்கு எடுத்துப்போகட்டும். மூவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. காரணம் புரியும். ஒரு பிள்ளை பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால் "பள்ளிப் பேர் கெடும்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை: 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் தகவல் தராமலிருப்பதே குற்றம்.

கடைசியாக மாநகர் மன்றம். 2012-இல் ஜாலான் சுங்கை பி.பி.ஆர். (மக்கள் வீடமைப்புத் திட்டம்) அடுக்குமாடியில், பராமரிப்புப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பாளர்களிடமே கேட்கும் முன்னோடித் திட்டம் நடந்தது. ஆகவே விளக்கு போன்ற பாதுகாப்பு வசதிகளை மன்றத்திடம் கேட்பதற்கு முன்னுதாரணம் உண்டு. இரவு 7.30-க்கு மேல் ஏழெட்டுப் பெண்களும் இளம்பெண்களும் சேர்ந்து நடந்து பாருங்கள்: லிஃப்ட், மாடிப்படி, பஸ் நிறுத்தம், குப்பைக்கூடப் பக்கம். ஆண்கள் நடந்து பார்த்து எழுதும் பட்டியலில் பெரும்பாலும் பார்க்கிங்தான் இருக்கும். "வெளிச்சம் போதவில்லை" என்று பொதுவாக எழுதாமல் விளக்குக் கம்ப எண், படம், தேதி போடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே நகலோடு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள்.