முக்கோணம் ஏன் மூடவில்லை? ஸ்கிராட்ச்சில் பிள்ளைகளுக்கு முதல் நிரல்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நிரலாக்கம் சொல்லித்தரும்போது பலரும் ஸ்கிராட்ச்சில் (கட்டளைக் கட்டங்களைக் கோத்து நிரல் செய்யும் மொழி) வரும் பூனையை ஓடவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். பூனை ஓடும், மியாவ் என்னும், பிள்ளை சிரிக்கும். ஆனால் எப்படி ஓடினாலும் அது ஓட்டம்தான். நிரல் சரியா தப்பா என்று தெரியாது. கோடு வரையச் சொல்லிப் பாருங்கள், தப்பு உடனே கண்ணில் படும். கணினி அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1967-ல் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ நிரல்மொழியில் பிற்பாடு வந்து சேர்ந்த ஆமை இப்படித்தான் கோடு வரையும். எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து 2007-ல் வெளிவந்த ஸ்கிராட்ச் அந்த வழியில் வந்ததுதான்.

முதல் 15 நிமிடம்: கணினி வேண்டாம்

டைல்ஸ் பதித்த தரை போதும். ஒரு பிள்ளை பூனை, இன்னொரு பிள்ளை கட்டளை போடுபவர். மூன்றே கட்டளைகள்: 'இத்தனை டைல் நட', 'வலப்பக்கம் திரும்பு', 'இடப்பக்கம் திரும்பு'. "கொஞ்சம் தள்ளிப் போ" என்றால் பூனை அசையக் கூடாது. கட்டளை போடுபவர் பூனைக்குப் பின்னால் நிற்கட்டும். எதிரே நின்றால் அவருடைய வலம் பூனைக்கு இடம். அரை மணி நேரம் அந்தச் சண்டையிலேயே போய்விடும்.

சதுரம்

இடப்பக்கம் கீழ் மூலையில் உள்ள எக்ஸ்டென்ஷன் பொத்தானை அழுத்தி 'பென்' சேர்க்கவும். பிறகு பச்சைக் கொடிக் கட்டத்துக்குக் கீழே இதே வரிசையில் கோக்கவும்:

1. பென் அப்
2. கோ டு எக்ஸ் 0, ஒய் 0
3. பாயிண்ட் இன் டைரக்‌ஷன் 90
4. எரேஸ் ஆல்
5. பென் டவுன்

'பென் அப்' மேலே வருவதற்குக் காரணம் உண்டு. போன தடவை கீழே வைத்த பேனா அப்படியேதான் இருக்கும். எடுக்காமல் நடுப்புள்ளிக்குப் போனால் வழியெல்லாம் கோடு இழுபடும். 90 என்றால் வலப்பக்கம் பார்ப்பது. இதை விட்டால் பூனை கடைசியாக நின்ற கோணத்திலிருந்தே கிளம்பும், படம் சாய்ந்து வரும்.

இவற்றின் கீழே 'மூவ் 100', 'டர்ன் 90', 'வெயிட் 0.5' மூன்றையும் நான்கு முறை அடுக்கவும். 'வெயிட்' இல்லாவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் சதுரம் முடிந்துவிடும். எந்தக் கட்டம் எந்தக் கோட்டைப் போட்டது என்று பிள்ளைக்குப் புரியாது.

உள்ளே வைத்த கட்டங்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் 'ரிபீட்' கட்டத்தை இன்னும் காட்ட வேண்டாம். "பக்கத்தை 150 ஆக்கு" என்று சொல்லுங்கள். நான்கு இடத்தில் திருத்தி அலுத்த பிறகு 'ரிபீட்' கொடுத்தால் அது எதற்கென்று விளக்கவே வேண்டாம். (அடுத்த வேலைக்குப் போகும் முன் பக்கத்தை 100-க்கே மாற்றச் சொல்லிவிடுங்கள்.)

'ரிபீட்' கட்டத்தில் தானாகவே 10 என்று இருக்கும். பல பிள்ளைகள் மாற்றாமல் ஓட்டுவார்கள், சதுரமும் வந்துவிடும்! இங்கே நிறுத்துங்கள். பூனை எங்கே நிற்கிறது? கிளம்பிய மூலைக்கு நேர் எதிர் மூலையில். சதுரத்தை இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கிறது. படம் சரி, நிரல் தப்பு. இந்த வேறுபாட்டைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

முக்கோணம்

"முக்கோணம் போடு" என்றதும் 'ரிபீட் 3', 'டர்ன் 60' என்று வைப்பார்கள். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று பள்ளியில் படித்ததுதானே. ஓட்டினால் மூடாத உருவம்தான் வரும்: அறுகோணத்தின் பாதி.

இந்த இடத்தில் மவுஸைப் பிடுங்கித் திருத்திவிடாதீர்கள். சாக்பீஸால் தரையில் முக்கோணம் வரைந்து அதன்மேல் பிள்ளையை நடக்க விடுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது? 60 என்பது கோட்டுக்கும் கோட்டுக்கும் உள்ளே இருக்கும் கோணம். நடப்பவர் திரும்புவது 180-ல் மிச்சமான 120. மூன்று மூலை திரும்பிக் கிளம்பிய திசையிலேயே வந்து நின்றால் மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360. சதுரத்தில் நான்கு 90-ம் அதே 360 தான்.

ஐங்கோணத்துக்கு எவ்வளவு என்று இனி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஏழு பக்கம் கேட்டால் வகுத்தல் மீதியின்றி முடியாது. 'ஆபரேட்டர்ஸ்' பகுதியில் உள்ள வகுத்தல் கட்டத்தில் 360, 7 என்று போட்டு 'டர்ன்' கட்டத்துக்குள் செருகச் சொல்லுங்கள். பூனை நடமாடும் மேடை 480-க்கு 360 அளவுதான், ஆகவே ஏழு, எட்டுப் பக்கங்களுக்குப் பக்க நீளத்தை 60 ஆகக் குறைக்கவும். நீளத்தைக் குறைக்காமல் பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் பூனை விளிம்பில் மாட்டிக்கொண்டு படம் கோணலாகும்.

ஐந்து முறை 144 திரும்பினால் நட்சத்திரம். அதில் பூனை இரண்டு சுற்று திரும்புகிறது, 720.

பூ

'மை பிளாக்ஸ்' பகுதியில் 'சதுரம்' என்று தமிழிலேயே பெயர் வைத்துப் புதுக் கட்டம் செய்யலாம். சதுரம் போடும் 'ரிபீட் 4' முழுவதையும் அதன் கீழே மாட்டவும். கொடிக்குக் கீழே 'ரிபீட் 36', அதற்குள் 'சதுரம்', 'டர்ன் 10'. உள்ளே இருக்கும் 'வெயிட்' கட்டத்தை மறக்காமல் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் 144 கோடுகளுக்கு 72 நொடி காத்திருக்க வேண்டும்.

வாசலில் கோலம் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பூ அந்நியமாகத் தெரியாது. கோலத்துக்குக் கணினி இலக்கணம் வகுக்கலாம் என்று கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் போதும், 10 நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கைமாறட்டும். "ஒன்றுமே நடக்கவில்லை சார்" என்று குரல் வந்தால் முதலில் கட்டங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் நூலிழை இடைவெளிதான் காரணம். கணக்கில் நுழையாமல் பிரவுசரில் செய்திருந்தால் மூடுவதற்கு முன் 'ஃபைல்' மெனுவில் 'சேவ் டு யுவர் கம்ப்யூட்டர்' அழுத்தச் சொல்லவும். இல்லையென்றால் பூ போய்விடும், பிள்ளை அழும்.